பழைய பட்டறை நிலத்தில் ‘ஆயிரம் மரம்’: விளக்கக் கூட்டத்தில் என்ன கேட்பது?

செந்தூல்_பையன்:

வணக்கம். எங்க பக்கம், கோலாலம்பூர் (கே.எல்.) செந்தூல்ல, ரொம்ப நாளா பூட்டிக் கிடந்த ஒரு பழைய இரும்புப் பட்டறை நிலம் விலை போயிடுச்சு. தகர வேலி போட்டாச்சு. வேலி நெடுக படம்: செங்கல் சுவரை அப்படியே வெச்சிருக்காங்க, உள்ளே காப்பிக்கடை, பின்னாடி கோண்டோ அடுக்குமாடி, எங்க பாத்தாலும் மரம். “ஆயிரம் மரங்களின் நடுவே”ன்னு மூணு மொழியில எழுதியிருக்கு. தமிழ் அதுல இல்லை, அது வேற கதை.

வேலிக்கு உள்ளே இப்போ இருக்கிறது வேற. மூணு பெரிய தூங்குமூஞ்சி மரம், ரெண்டு ஆள் கை கோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. கொஞ்சம் கெத்தாப்பாங் (நாட்டு வாதாம்). சுவர்லயே வேர் விட்டு நிக்கிற ஒரு ஆலங்கன்று. மூலையில முனீஸ்வரர் சன்னதி, அதை ஒட்டி ஒரு அரச மரம். படத்துல இதுல ஒண்ணுகூட இல்லை. படத்து மரமெல்லாம் ஒரே உயரம், ஒரே உருண்டை.

அக்கம்பக்கத்து ஆளுங்களைக் கூப்பிட்டு விளக்கம் சொல்லப் போறாங்களாம். போய் உக்காந்து தலையாட்டிட்டு, கறிபாப் சாப்பிட்டுட்டு வர எனக்கு இஷ்டமில்லை. என்ன கேக்கணும்? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஜேஎம்பி_தலைவலி:

தம்பி, நான் எங்க கோண்டோ நிர்வாகக் குழுவுல இருக்கேன். மரம்னாலே எனக்கு ஞாபகம் வர்றது பில்லுதான். சாக்கடை அடைப்பு, கார் மேல பிசின், மைனா எச்சம், “பாம்பு பாத்தேன்”னு வாட்சாப்ல நாலு படம். எல்லாத்துக்கும் கடைசியில திட்டு வாங்கறது நாங்க.

2024 மே 7 மறந்துபோச்சா? ஜாலான் சுல்தான் இஸ்மாயில்ல பெரிய மரம் சாய்ஞ்சு ஒருத்தர் உயிர் போச்சு, வண்டிங்க வரிசையா நசுங்கிச்சு, மோனோரயில் நின்னுபோச்சு. அதுக்கப்புறம் பழைய மரத்தை வெச்சுக்கிட்டு நிம்மதியா தூங்க எந்த நிர்வாகத்துக்கும் தைரியம் கிடையாது. பழசை எடுத்துட்டு, அடக்கமா வளர்ற மரத்தை வரிசையா நட்டா என்ன குறை? ஆயிரம்னு சொல்றாங்க, வேணாம்னு சொல்லுவாங்களா யாராவது?

பச்சைக்கை:

எனக்குச் சோறு போடறதே மரம் நடற வேலைதான். அதனால நான் சொல்றதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க.

‘ஆயிரம்’னா எங்க ஆளுங்க சிரிப்பாங்க. குத்தகைக் கணக்குல மரத்துக்கு எண்ணிக்கை இருக்கும், உயரம் இருக்கும், அடிமரத்து அளவு இருக்கும். மண்ணுக்கு? “மேல்மண், 300 மில்லிமீட்டர்”னு ஒரே வரி. விலை இறங்கணும்னா முதல்ல அடிபடற வரியும் அதுதான். படத்துல மண்ணு தெரியாதுல்ல.

பட்டறை நிலத்துல மண்ணுன்னு ஒண்ணு இருக்கிறதே அதிசயம். மேல ப்ரீமிக்ஸ் தார், அதுக்குக் கீழே கான்கிரீட் தளம், அதுக்குக் கீழே நிலக்கரிச் சாம்பல், உலைக் கசடு, உடைஞ்ச செங்கல். எல்லாத்துக்கும் அடியில, காலங்காலமா லோரியும் கிரேனும் ஏறி இறங்கி இறுகிப்போன களிமண். கடப்பாரையைப் போட்டா கை வலிக்கும், மண்ணு அசையாது. அதுல பேக்ஹோ வெச்சு ஒரு குழியை வெட்டி, நல்ல மண்ணை ரொப்பி, மரத்தை இறக்கினா அது குழி இல்லைங்க, தொட்டி. கே.எல். மழை வருஷத்துக்கு 2,400 மில்லிமீட்டர் பக்கம் வரும். சுத்தி இறுக்கமா இருக்கிறதால அந்தத் தண்ணி தொட்டிக்குள்ளேயே நிக்கும், வேருக்குக் காத்து கிடைக்காது. மேல இலை வாடும். வாடறதைப் பாத்துட்டு தோட்டக்காரர் இன்னும் ரெண்டு வாளி ஊத்துவார்.

அப்படிச் செத்த மரங்களை நான் பிடுங்கியிருக்கேன். நர்சரியில சுத்திக் கட்டின சாக்கு அப்படியே இருக்கும். வேர் உருண்டை அன்னைக்கு வந்த அதே அளவு. ஒரு வேர்கூட வெளியே எட்டிப் பாத்திருக்காது. பக்கத்துல போனா அழுகின முட்டை வாடை.

சாகாத மரத்துக்கும் கதை முடியலை. தலை மட்டும் பெருக்கும், வேர் தொட்டிக்குள்ளேயே சுத்திச் சுத்தித் தன் கழுத்தையே நெரிக்கும். ஒரு பெரிய காத்துல அடியோட சாயும். தலைவலி அண்ணே, நீங்க பயப்படறது நியாயம், ஆனா எதைப் பாத்துப் பயப்படறீங்கன்னு பாருங்க. நேரா வரிசையா இளசா நிக்கிற மரம் பத்திரம்னு நினைக்கறீங்க. வேர் விரிய இடமில்லாத மரம் இருபது வயசுலயும் விழும்.

அதனால கூட்டத்துல இதைக் கேளுங்க: ஒரு மரத்துக்கு எத்தனை கன மீட்டர் மண் குடுக்கறீங்க? இறுகின அடித்தளத்தை எவ்வளவு ஆழம் பிளக்கப் போறீங்க? குழியில இறங்கற தண்ணி எந்தப் பக்கம் வடியும்? இன்னொண்ணு, இதை மட்டும் மறக்கவே கூடாது: அந்த ஆயிரத்துல எத்தனை மரம் தரையில, எத்தனை மரம் கார் நிறுத்தற கட்டடத்தோட கூரை மேல? கூரை மேல வெக்கிறது மரம் மாதிரி இருக்கும். அதுக்குப் பேரு பூச்சட்டி.

செந்தூல்_பையன்:

> எத்தனை மரம் கார் நிறுத்தற கட்டடத்தோட கூரை மேல?

இப்பத்தான் படத்தை மறுபடியும் பாத்தேன். முக்கால்வாசி மரம் நீச்சல் குளத்தைச் சுத்தி இருக்கு. நீச்சல் குளம் ஏழாவது மாடியில.

பட்டறைக்காரர்மகன்:

தம்பி, உங்கள் ஊர்க்காரன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. என் தந்தை செந்தூல் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக வேலை பார்த்தவர். கூட்டரசு மலாய் மாநிலங்களின் ரயில்வே, 1900-களின் தொடக்கத்தில் தன் மத்தியப் பட்டறையை அங்கே நிறுவியது. இஞ்சின் பழுது பார்ப்பது, பெட்டி கட்டுவது, வார்ப்பு வேலை எல்லாம் ஒரே வளாகத்தில். செந்தூலில் இத்தனை தமிழ்க் குடும்பங்கள் வேர் பிடித்ததற்கு அந்தப் பட்டறைதான் காரணம். 1945-இல் நேச நாட்டு விமானங்கள் அதன் மீது குண்டு போட்டன. அந்தக் கதையை என் பாட்டி சொல்லிச் சொல்லி எங்களுக்கு மனப்பாடம்.

நான் சொல்ல வந்தது மண்ணைப் பற்றி. அப்பாவின் காக்கிச் சட்டையை அம்மா மற்ற துணிகளோடு சேர்க்கவே மாட்டார், தனியாகத்தான் ஊற வைப்பார். சட்டையில் ஏறியது எதுவோ அதுதான் தரையிலும் இறங்கியது. இஞ்சின் எண்ணெய், தண்டவாளக் கட்டைகளுக்குப் பூசிய கிரியோசோட், காரீயம் கலந்த சாயம், பிரேக் கட்டையின் அஸ்பெஸ்டாஸ் தூசி. இரும்புப் பட்டறை என்றால் உலைக் கசடும் சேரும். எண்ணெய் காலப்போக்கில் ஓரளவு சிதைந்துவிடும். காரீயம் சிதையாது. மேல்மண்ணில் தங்கி, தூசியாகக் கிளம்பி, மண்ணில் விளையாடும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும்.

சுற்றுச்சூழல் துறை, மாசடைந்த நிலங்களைக் கையாள 2009-இல் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. நிலத்தின் பழைய பயன்பாட்டை ஆராய்வது, மண் மாதிரி எடுப்பது, தேவையானால் சுத்தம் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறது. ஆகவே கூட்டத்தில் மரத்தைக் கேட்கும் முன் மண் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். விளம்பரத்தில் ‘காய்கறித் தோட்டம்’ என்று எங்காவது போட்டிருந்தால் இரண்டு முறை கேளுங்கள்.

செந்தூல் மேற்கில் நடந்ததையும் பாருங்கள். 2005-இல் கே.எல்.பேக் நாடக அரங்கம் வந்தபோது பழைய ரயில்வே கட்டடத்தின் செங்கல் சுவரை வைத்துக்கொண்டு, கண்ணாடியும் இரும்புமாகப் புதியதை அதோடு இணைத்தார்கள். அதைச் சுற்றியிருந்தது முன்னாள் கோல்ஃப் திடல். அங்கே நிழல் நட்டு வந்ததல்ல, ஏற்கெனவே நின்ற மரங்களால் வந்தது. திறந்த முதல் நாளே நிழல் இருந்தது. பூங்காவின் பெரும்பகுதி அங்கே குடியிருப்பவர்களுக்கு என்பது என் மனக்குறை. ஆனால் மரத்தை வெட்டாமல் கட்டடத்தை நுழைத்த விதத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

தண்ணீர்மலைக்காரி:

பினாங்கிலிருந்து ஒரு குரல். சுவரில் ஆலங்கன்று என்று தம்பி எழுதியதைப் பார்த்ததும் கை பரபரத்தது. ஜோர்ஜ்டவுனில் பழைய கட்டடம் என்றால் எங்களுக்கு முதல் எதிரி அதுதான்.

பறவை எச்சத்தோடு விதை விழும். பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்து, ஈரம் குடிக்கும், விதைக்கு அது போதும். விரல் தடிமனில் இருக்கும்போதே வெட்டி, வெட்டின இடத்தில் களைக்கொல்லி தடவினால் கதை முடிந்தது. கை தடிமன் ஆகிவிட்டால் இழுக்கவே கூடாது. வேர் ஒவ்வொரு செங்கல் வரிசைக்குள்ளும் புகுந்து தட்டையாகப் படர்ந்திருக்கும், இழுத்தால் சுவர் கையோடு வரும். மேலே வெட்டி, வேரைச் சாகவிட்டு, அந்தப் பகுதிச் செங்கலைப் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டும். சுண்ணாம்பு வைத்துக் கட்ட வேண்டும். எத்தனை பேர் சிமெண்டைப் பூசி ஈரத்தை உள்ளே பூட்டி, பக்கத்துச் செங்கலையும் சேர்த்து உதிர விடுகிறார்கள் தெரியுமா? எங்கள் தெருவிலேயே காட்டுவேன்.

ஆகவே உங்கள் கேள்வி: அந்தச் சுவரை யார் பராமரிப்பார்கள், ஆண்டுக்கு எத்தனை முறை ஏறிப் பார்ப்பார்கள்? “சுவரும் இருக்கும், ஆலும் இருக்கும், படம் எடுக்க அழகு” என்று வடிவமைப்பாளர் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இங்கே ஜாலான் குருத்வாராவில் ஹின் பஸ் டிப்போ இருக்கிறது. 1947-இல் கட்டிய பேருந்துப் பணிமனை, 2014-இலிருந்து கலை வளாகம். கூரை போன சுவர்களை அப்படியே விட்டு, நடுவில் புல்வெளி வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் பிடித்தது, எல்லா இடத்தையும் ரொப்பாமல் விட்டது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனால் பிள்ளைகள் புல்லில் உருளுவார்கள். ஆயிரம் மரம் அங்கே கேட்டிருந்தால் ஆள் நிற்க இடம் இருந்திருக்காது.

வரைபடம்:

திட்டமிடல் துறையில் வேலை, எந்த ஊர் என்று கேட்காதீர்கள். சட்டத்தைக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

பலரும் ‘சட்டம் 172’ என்பார்கள், அதாவது 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம். மரப் பாதுகாப்பு ஆணை அதில் உண்டு. ஆணை இல்லாத மரமானாலும், சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டினால் ஊராட்சி மன்றத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. சுற்றளவு 0.8 என்றால் குறுக்களவு சுமார் 25 சென்டிமீட்டர், அதாவது அப்படியொன்றும் பெரிய மரமில்லை. செத்த மரம், உடனடி ஆபத்தான மரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கின் பெயரில் நடப்பது எல்லோருக்கும் தெரியும்.

பினாங்கில் இது செல்லும். கோலாலம்பூரில் செல்லாது. அங்கே 1982-இன் கூட்டரசுப் பிரதேசத் திட்டமிடல் சட்டம், அதாவது சட்டம் 267. கூட்டத்தில் 172 என்று ஆரம்பித்தால் எதிர்த்தரப்பு ஆலோசகர் புன்னகையோடு உங்களை உட்கார வைத்துவிடுவார்.

அக்கம்பக்கத்தாருக்குக் குரல் உண்டா என்றால், உண்டு. தாமான் ரிம்பா கியாரா என்ற கோலாலம்பூர் பொதுப் பூங்கா வழக்கில் 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் குடியிருப்பாளர்கள் பக்கம் தீர்ப்பளித்து, மேம்பாட்டு அனுமதியை ரத்து செய்தது. உங்கள் நிலம் தனியார் நிலம், நிலைமை வேறு. ஆனாலும் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

ஜேஎம்பி_தலைவலி:

எல்லாரும் சேந்து என்னை மர விரோதி ஆக்கிட்டீங்க. சரி, ஒரு நேர்மையான கேள்வி. அந்த மூணு தூங்குமூஞ்சியும் கட்டடத்துக்குக் குறுக்க நிக்குதுன்னு வைங்க. பெயர்த்து ஓரமா நட்டுடலாமே? சிங்கப்பூர்ல எல்லாம் செய்யறாங்களே.

பச்சைக்கை:

செய்யலாம் அண்ணே, மரத்தையும் காசையும் பொறுத்தது. தோராயக் கணக்கு, அடிமரக் குறுக்களவுக்குப் பத்து மடங்கு அகலத்துல வேர் உருண்டை வேணும். தம்பி சொல்ற மரம் ஒரு மீட்டர் குறுக்களவுன்னா பத்து மீட்டர் உருண்டை. அதைத் தூக்கற கிரேன் செந்தூல் சந்துக்குள்ள நுழையுமா? நுழைஞ்சாலும், மாசக்கணக்குல முன்னாடியே கட்டம் கட்டமா வேரை வெட்டித் தயார் பண்ணணும். நம்ம ஊர்ல “அடுத்த வாரம் பைலிங், மரத்தை நாளைக்கே எடு”ன்னு ஃபோன் வரும். அப்படி எடுத்த மரம் முட்டுக் கொடுத்து நிக்கிற பொணம்தான். அங்சானான்னு ஒரு நிழல் மரம், அது தாங்கும். தடியா வெட்டி ஊனினாலே துளிர்க்கிற சாதி அது, சிங்கப்பூர்ல ஆரம்பக் காலத்துல அவசர நிழலுக்கு அதைத்தான் நட்டாங்க. அதை வெச்சு எல்லா மரத்தையும் எடை போட முடியாது.

வெட்டாம விடறதாச் சொன்னாலும் ஏமாறாதீங்க. மரத்தைச் சுத்தி சிவப்பு நாடா கட்டிட்டு, ரெண்டு அடி தள்ளி சாக்கடைக்குத் தோண்டுவாங்க. பிரிட்டிஷ் தரநிலை 5837-ல ஒரு கணக்கு இருக்கு: அடிமரக் குறுக்களவுக்குப் பன்னிரண்டு மடங்கு ஆரத்துக்கு வேர்ப் பாதுகாப்பு. ஒரு மீட்டர் மரம்னா நாலு பக்கமும் பன்னிரண்டு மீட்டருக்கு வேலி, உள்ளே லோரி வரக்கூடாது, சிமெண்டு மூட்டை அடுக்கக்கூடாது, மண்ணைக் கொட்டி மேடு பண்ணக்கூடாது. வேரு முக்கால்வாசி மேல ரெண்டு அடிக்குள்ளதான் ஓடுது. வேலி எத்தனை மீட்டர்ல போடுவீங்கன்னு ஒரே கேள்வி கேளுங்க, பதில்லயே அவங்க மனசு தெரிஞ்சிடும்.

செந்தூல்_பையன்:

அப்போ பட்டறை மண்ணு விஷம், இறுக்கம், தொட்டி. புதுசா நடறதே வீண்னு சொல்றீங்களா?

பட்டறைக்காரர்மகன்:

இல்லை தம்பி. பக்கத்திலேயே பதில் இருக்கிறது. கெப்போங்கில் ஃப்ரிம் (மலேசிய வன ஆராய்ச்சி நிலையம்) வனப் பூங்கா, வெள்ளீயம் தோண்டி எடுத்துவிட்டு விட்டுப்போன வெற்று நிலமாக இருந்தது. 1920-களில் நடத் தொடங்கினார்கள். இன்று கபூர் மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல் ஒதுங்கி நிற்பதை அண்ணாந்து பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் அது சேர்ந்தது. தைப்பிங் ஏரிப் பூங்காவும் வெள்ளீயச் சுரங்கக் குழிதான். 1880-களில் அது பூங்காவானது. சாலையைத் தாண்டி ஏரிமேல் சாய்ந்து கிடக்கும் தூங்குமூஞ்சிகளைப் பார்த்திருப்பீர்கள்.

பச்சைக்கை:

ஐயா சொன்ன ரெண்டுலயும் ஒரு விஷயம் கவனிங்க. அங்கே உதிர்ந்த இலையை யாரும் கூட்டிப் பையில கட்டிப் போடலை. மண்ணு அதுலதான் உண்டாச்சு. நம்ம கோண்டோவுல காலைல ஆறு மணிக்கு புளோயர் சத்தம் கேக்கும், ஒரு இலை தங்காது. அப்புறம் உரம் வாங்கிப் போடுவாங்க.

இன்னொண்ணு, அங்கே யாரும் திறப்பு விழா தேதி வெச்சு நடலை. எங்க வேலையில பராமரிப்புப் பொறுப்பு ஒரு வருஷம், மிஞ்சினா ரெண்டு வருஷம். அதுவரைக்கும் செத்தா மாத்திக் கொடுப்போம். அதுக்கு மறுநாள் செத்தா யாரும் கேக்க மாட்டாங்க. நாடு முழுக்க 2021-லிருந்து 2025 வரைக்கும் 100 மில்லியன் மரம் நடற இயக்கம் நடந்துச்சு. நட்டதை எண்ணறது சுலபம். ஆயிரத்துக்குப் பதிலா இருநூறு நட்டு, மீதிக் காசை மண்ணுக்கும் அஞ்சு வருஷப் பராமரிப்புக்கும் போடுன்னு நான் ஒரு முதலாளிகிட்ட சொன்னேன். “படத்துல காலியா தெரியும்”னு பதில் வந்துச்சு.

தண்ணீர்மலைக்காரி:

என்ன மரம் என்றும் கேளுங்கள். இப்போது எங்கு பார்த்தாலும் தெக்கோமா, ‘மலேசிய சக்குரா’ என்று பூக்கிற நேரத்தில் எல்லோரும் செல்ஃபி எடுக்கிறார்கள். பூ உதிர்ந்த பிறகு அதன் கீழே ஐந்து நிமிடம் நிற்கச் சொல்லுங்கள், மண்டை காயும். எங்கள் மெக்கலிஸ்டர் சாலையில் பழைய அங்சானாக்களின் கீழே நடு மதியத்தில் நடக்கலாம். புன்னை, தெம்புசு, ஏழிலைப்பாலை எல்லாம் இந்த மண்ணுக்குப் பழகினவை. ஒரே சாதியை வரிசையாக நடாமல் கலந்து நட்டால் ஒரு நோய் வந்தாலும் தெரு முழுக்க மொட்டையாகாது.

ஜேஎம்பி_தலைவலி:

ஏழிலைப்பாலையா? ராத்திரி வாசனைக்கே எங்க ஆன்ட்டிங்க மனு கொடுப்பாங்க. பொந்தியானாக் பேய் வரும்னு செக்யூரிட்டி ரவுண்டு போக மாட்டான். நீங்க தெம்புசுவோட நிறுத்திக்கங்க.

பச்சைக்கை சொன்ன இருநூறு கணக்கு மட்டும் எனக்குப் பிடிச்சிருக்கு. பராமரிப்புக் காசை முன்கூட்டியே ஒதுக்கி வெச்சிட்டு எங்ககிட்ட ஒப்படைச்சா, பெரிய மரத்தையும் நான் ஏத்துக்கறேன். ஒதுக்காம சாவியை மட்டும் கொடுத்தா, முதல் வருஷக் கூட்டத்துலயே வெட்டுங்கன்னு ஓட்டு விழும். அது என் குணம் இல்லை, மெயின்டனன்ஸ் கட்டாதவங்க குணம்.

செந்தூல்_பையன்:

கேள்வி பட்டியல் போட்டுட்டேன், ரெண்டு பக்கம் வந்திருக்கு, எழுத்துல கொடுத்து முத்திரை வாங்கிடறேன். ஒண்ணு மட்டும் பாக்கி. அரச மரம். சன்னதியை வேற இடத்துக்கு மாத்த நிலம் தர்றதா பேச்சு. சன்னதி போயிட்டா மரத்துக்கு அப்புறம் யார் பாதுகாப்பு?

பட்டறைக்காரர்மகன்:

தண்டவாளத்தோரம் நின்ற எத்தனையோ அரசும் வேம்பும் முனியாண்டி இருந்ததால்தான் தப்பின. சன்னதி பேச்சும் மரப் பேச்சும் ஒரே கடிதத்தில் வேண்டாம். சன்னதிக்கு ஒப்புக்கொண்டதை மரத்துக்கும் ஒப்புக்கொண்டதாகப் படித்துவிடுவார்கள்.

பச்சைக்கை:

நானும் அந்தப் பக்கம் போனப்போ அந்த மரத்தைப் பாத்தேன். சொன்னா கோவிச்சுக்காதீங்க. மரத்தைச் சுத்தி மேடை கட்டி, அடிமரத்தை ஒட்டி டைல்ஸ் பதிச்சு, மேல மஞ்சள் பெயிண்டும் அடிச்சிருக்காங்க. தண்ணி இறங்க ஒரு அங்குல இடமில்லை. மேல்கிளை ரெண்டு காஞ்சுபோச்சு. மேம்பாட்டாளர் கை வெக்கிறதுக்கு முன்னாடி நம்ம ஆளுங்க அந்த டைல்ஸை உடைக்கணும். அடிமரத்துலேருந்து நாலு பக்கமும் குறைஞ்சது ஒரு மீட்டர்.

செந்தூல்_பையன்:

போன தைப்பூசத்துக்குத்தான் தலைவர் சொந்தக் காசுல பதிச்சார். அதை நான் சொல்ல முடியாதுங்க. சனிக்கிழமை பூசைக்கு வாங்க, நீங்களே சொல்லுங்க. நான் பின்னாடி நிக்கறேன்.